தனித்து நிற்கும் தூண்

ஏற்காடு அடிவாரத்தில் வீட்டுக்குப் பின்னால் வானாய்வுக்கூடம் கட்ட நினைப்பவர்கள் முதலில் கூரையைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்குத் தூண்தான் முக்கியம். தொலைநோக்கியைத் தாங்கும் தூணுக்குத் தனிக் குழி, தனி அஸ்திவாரம் வேண்டும். தரைக் காங்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட வேண்டும். ஒட்டிவிட்டால், பக்கத்தில் ஒருவர் கால் மாற்றி நின்றாலே சனிக்கோள் நடுங்கும்.

இது இங்கே பழைய பாடம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் சென்னை எழும்பூரில் தம் வீட்டிலேயே கருவிகளை வைத்து வானம் பார்த்தார். அந்த முயற்சி கம்பெனியின் கைக்குப் போய், 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடமே எழும்பியது. அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. எவ்வளவு கம்பீரம்!

தூண் நின்றபின் தொலைநோக்கியின் சுழல் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். அடிவாரத்தில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 12 பாகைதான். வடக்கே எழும் மலை அதை மறைத்துவிடலாம். அப்போது தெற்கே உச்சத்தில் ஒரு விண்மீன், கிழக்கே தாழ்வாக ஒன்று என இரண்டும் எப்படி நகர்கின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்த வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. எனக்குப் பிடித்ததும் அதுதான். சேலத்து வெளிச்சம் தெற்கைக் கொஞ்சம் கெடுத்தாலும், பங்குனி, சித்திரை இரவுகளில் தென்சிலுவை முழுதாகத் தெரியும்.

கூரைக்குத் தகரம் போதும். சக்கரம் வைத்து ஆங்கிள் இரும்பின்மேல் தள்ளிவிடலாம். தகரம் சீக்கிரம் ஆறிவிடும். காங்கிரீட் கூரை இரவிலும் அனல் விடும், பிம்பம் அலையும்.