ஆப்பிளும் சுமைமிருகமும்

மனிதச் சித்தம் சுதந்திரமானது என்று 1524-ல் எராஸ்மஸ் எழுதினார். அது அடிமை என்று 1525-ல் லூதரின் பதில். ஆங்கிலத்தில் படித்தேன்; வாதங்களைவிட இரண்டு படிமங்களே மிஞ்சின.

எராஸ்மஸின் குழந்தைக்கு நடக்க வரவில்லை, விழுகிறது. தகப்பன் தூக்கி நிறுத்தி, ஆப்பிளைக் காட்டி, கைபிடித்து நடத்தி, பழத்தையும் கொடுக்கிறான். லூதருக்குச் சித்தம் ஒரு சுமைமிருகம். ஏறுவது கடவுளோ சாத்தானோ, ஏறியவர் விரும்புவதையே அது விரும்பும்.

லெட்ஜரில் நாளெல்லாம் வரவு எழுதும் எனக்கு, சம்பாதிக்காத வரவான கிருபை கவர்ச்சியானதுதான். ஆனாலும் ஆப்பிள் மேலுள்ள ஆசையாவது குழந்தையுடையது. எராஸ்மஸ் கேட்டது அவ்வளவே. லூதர் மறுத்ததும் அதையே. ஆப்பிளைக் காட்டியவன் யார் என்று லூதர் தரப்பில் கேட்கலாம்.

'தானாக வந்த' கவிதையின் கீழ் பெயர் போட்டுக்கொள்ளும் நாம் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.