மேவிபோசேத்தைத் தாங்கியவர் யார்?

உடல் ஊனமுற்ற சிறு பிள்ளையைத் தத்தெடுத்த குடும்பத்திற்காக நன்றியாராதனை நடைபெறுங்கால், அருளுரைக்கு 2 சாமுவேல் 9ஆம் அதிகாரம் தெரிந்தெடுக்கப்படுவதுண்டு. தாவீது கடவுளுக்கு நிழல். மேவிபோசேத் பாவிக்கு நிழல். முடமான கால்களோ பாவத்தின் அடையாளம். கேட்பதற்கு இனிய விளக்கமே. ஆயினும் அது வேதபாகத்தோடும் பொருந்தவில்லை, பிள்ளைக்கும் நன்மை செய்யவில்லை என்பது நம் கருத்து.

யோனத்தானின் மகன் ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து முடமானான் (4:4). தாவீது ஆளனுப்பி அவனை அழைப்பித்த காலத்திலோ அவனுக்கே மீகா என்னும் சிறு மகன் இருந்தான் (9:12). ஆகவே அரசன் தன் பந்தியில் அமர்த்தியது குழந்தையை அன்று, வளர்ந்த ஆண்மகனை. அதற்குமுன் அவனைத் தாங்கியவர் யார்? லோதேபாரில் அம்மியேலின் குமாரனாகிய மாகீரின் வீட்டில் அவன் இருந்தான் என்றே அறிகிறோம். எப்போது அங்கு வந்தான் என்று கூறப்படவில்லை. வீழ்ந்த அரசகுலத்தின் வாரிசுக்கு, அதுவும் தானாக நடமாட இயலாதவனுக்கு, இடங்கொடுப்பது ஆபத்தும் செலவும் உடைய காரியம். வளர்ப்புப் பெற்றோருக்கு முன்மாதிரி தேடுவோர் அரண்மனைக்கு விரையுமுன் இவ்வீட்டு வாசலில் சற்று நிற்கலாமே!

தாவீதின் தயவை நாம் குறைத்துப் பேசவில்லை. உடன்படிக்கையை நினைத்தான், சவுலின் நிலங்களைத் திரும்பக் கொடுத்தான், கிபியோனியர் பழிகேட்டபோதும் அவனைத் தப்புவித்தான் (21:7). எனினும் மேவிபோசேத் அரசனின் புதல்வருக்கு ஒப்பாக உண்டான் என்பதே செய்தி. புதல்வன் ஆனான் என்பதன்று. இவ்விரண்டிற்கும் உள்ள தொலைவு பின்னர் வெளிப்படுகிறது. சீபா கோள் சொன்னதும், விசாரணையின்றி நிலம் முழுவதும் அவனுக்குப் போயிற்று (16:4). கழுதைக்குச் சேணம் வைக்கப் பிறர் கையை நம்பியிருந்தவன், அக்கையாலேயே வஞ்சிக்கப்பட்டதை எடுத்துரைத்தபோதும் பாதி நிலமே தீர்ப்பாயிற்று (19:29). தத்தெடுத்தலைக் குறித்துப் பிரசங்கிப்போர் இவ்வதிகாரத்தை ஏன் தொடுவதில்லை?

இந்தியக் கிறிஸ்தவர் இத்தொலைவை அறியாதவரல்லர். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் நாம் பொதுவாகப் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. பிள்ளை வயதுவந்ததும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துபோம். சொத்துரிமையும் தானாக வாராது. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் எல்லா மதத்தினருக்கும் வழி திறந்தன. 2015ஆம் ஆண்டின் சட்டத்திலும் தத்துப்பிள்ளை எல்லா வகையிலும் சொந்தப் பிள்ளையே.

இன்னுமொன்று. கால்களைப் பாவத்திற்கு உருவகமாக்கும் அருளுரையை, முன்வரிசையில் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கும் பிள்ளையும் கேட்கிறது. மேவிபோசேத்தின் கால்கள் குணமாயின என்றோ, அவை எதற்கோ அடையாளம் என்றோ நூலாசிரியர் எழுதவில்லை. அவன் நாள்தோறும் அரசனின் பந்தியில் உண்டதைச் சொல்லி, இரு கால்களும் முடம் என்பதையும் அடுத்தே சொல்லி அதிகாரத்தை முடிக்கிறார்.

மாகீரைப் பின்னும் ஒருமுறை காண்கிறோம். அப்சலோமுக்குத் தப்பி மக்னாயீமுக்கு வந்த தாவீதுக்கும் அவனோடிருந்தவர்களுக்கும் படுக்கையும் பாத்திரங்களும் தானியமும் கொண்டுவந்தோருள் அவனும் ஒருவன் (17:27-29).