இறகாக மாறிய கைபேசி

ஷங்கரின் ‘2.0’ படத்தில் சென்னையின் கைபேசிகளெல்லாம் வானத்துக்குக் கிளம்பிப் போகும் காட்சியை எப்போது பார்த்தாலும் என் கண் மேலே போவதில்லை. கீழே நிற்கும் மனிதர்களின் கைகளிலேயே தங்கிவிடுகிறது. பேசிக்கொண்டிருந்தவரின் காதோரத்திலிருந்து, சட்டைப் பையிலிருந்து, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அவை பிய்த்துக்கொண்டு போகின்றன. ஒரு நகரமே வெறுங்கையோடு அண்ணாந்து நிற்கிறது. நாயகனோ வில்லனோ முன்னால் வராமல், ஒரு வசனமும் இல்லாமல், இத்தனை பெரிய திகைப்பை உண்டாக்கிய காட்சி தமிழ்ப் படங்களில் அதிகமில்லை.

அந்தத் திகைப்பு கூர்ந்த கவனிப்பிலிருந்து பிறக்கிறது. மேசைமேல் வைத்த கைபேசி அழைப்பு வந்ததும் அதிர்ந்து, அரைவட்டம் சுழன்று, விளிம்பை நோக்கி நகர்வதை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். உள்ளே இருக்கும் சின்ன மோட்டாரின் அச்சில் ஒருபக்கமாக ஓர் எடை பொருத்தப்பட்டிருக்கும். அது சுழலும்போது முழுக் கருவியும் உதறும். படத்தின் மாயம் இந்த உதறலிலிருந்தே வளர்கிறது. ஏற்கெனவே தானாக நகரத் தெரிந்த பொருள் இன்னும் கொஞ்சம் துணிந்து பறக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் அந்த அதிசயத்தை மனம் உடனே ஒப்புக்கொள்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் வாழ்பவர்களுக்கு இந்தக் காட்சி இன்னொன்றையும் தருகிறது. 2006இல் நோக்கியா இங்கே சிப்காட்டில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், படிப்பு முடிந்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவர்கள். வரி வழக்கு வந்தது. நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனபோது இந்த ஆலை மட்டும் சேர்க்கப்படாமல் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி முடிந்துபோனது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ‘2.0’ படப்பிடிப்பு ஆரம்பித்தது. 2018 நவம்பர் 29 அன்று படம் வெளியானது. கையிலிருந்த கைபேசி காரணம் சொல்லாமல் பறந்துபோவதை இந்த ஊர், திரையில் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பார்த்துவிட்டது.

லைனில் நின்று வேலை பார்த்தவர்களுக்குக் கைபேசி என்பது முதலில் பாகங்கள்: பலகை, திரை, மூடி, திருகு. அது எந்த விளிம்பில் கூராக இருக்கும், எந்தச் சாய்வில் கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் விரலுக்கும் கண்ணுக்கும் தெரியும். காட்சி விளைவுகளை மேற்பார்த்த வி. ஸ்ரீனிவாஸ் மோகனும் அவருடைய கலைஞர்களும் கைபேசியை அதே போலப் பொருளாகப் பார்த்திருக்கிறார்கள். தரையோடு தரையாக அவை வெள்ளம்போலப் பாய்ந்து வரும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். எல்லாத் திரைகளும் ஒரே பக்கம் பார்க்கவில்லை. சில மல்லாந்தும் சில கவிழ்ந்தும் சில விளிம்பில் நின்றும் வருகின்றன; சிலவற்றில் வெளிச்சம், சிலவற்றில் இருட்டு. இந்த ஒழுங்கின்மையைக் கணினியில் உண்டாக்குவது கடினம். ஒரே பொருளைப் பல்லாயிரம் பிரதி எடுத்துப் பரப்பினால் கண் அதை நொடியில் கண்டுபிடித்துவிடும்.

பிறகு, கைபேசிகளெல்லாம் ஒன்றுகூடி உருவாகும் அந்த ராட்சதப் பறவை. இறகுகள் பறவையின் உடலில் ஒன்றின்மேல் ஒன்று பாதி மூடியபடி அடுக்கப்பட்டிருக்கும். தோள்பக்கம் சின்ன இறகுகள், சிறகின் நுனியில் நீண்டவை. நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்கு இருக்கும் கைபேசி இந்த அடுக்குக்குள் அழகாகப் பொருந்துகிறது. அது இறகாக முடியும் என்று முதலில் கண்டவர் யாராக இருந்தாலும் அவர் கலைஞர். பறவை சிறகு விரிக்கும்போது அடுக்கு நெகிழ்ந்து இடைவெளி தெரிகிறது, மடக்கும்போது செறிகிறது. அடிபட்டால் சிதறிப் பின் கூடுகிறது. அந்தக் கூடுதல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சிதறியவை நேராக இடத்துக்குத் திரும்புவதில்லை. வளைந்து, பக்கத்தில் வருவதோடு வேகத்தைச் சமன்செய்துகொண்டு, கூட்டமாக ஒருமுறை சுழன்று வந்து சேர்கின்றன. பனிக்காலத்தில் நம் வயல்களுக்கு வலசை வரும் சோளப்பட்சிக் கூட்டம் அந்தியில் இப்படித்தான் திரும்பும்.

கூட்டமாகப் பறப்பதைக் கணினியில் வரையும் கலைக்கு அடித்தளம் 1987இல் கிரெய்க் ரேனால்ட்ஸ் வெளியிட்ட கட்டுரை. அடுத்ததை இடிக்காதே, அடுத்ததன் திசையையும் வேகத்தையும் ஒத்துப் போ, கூட்டத்தை விட்டு விலகாதே: இந்த மூன்று விதிகளை ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியே கொடுத்தால் தலைவன் இல்லாமலேயே கூட்டம் உருவாகிவிடும் என்று அவர் காட்டினார். 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வௌவால்கள் அப்படிப் பறந்தவை. அந்த மரபின் நீட்சி சென்னைத் தெருவில், கைபேசி உருவில், ராஜாளியாக இறங்கியது என்பதை நினைக்க எனக்குப் பெருமைதான்.

நிரவ் ஷாவின் ஒளிப்பதிவில் படம் நேரடியாக முப்பரிமாணத்திலேயே எடுக்கப்பட்டது. சாதாரணமாக எடுத்துவிட்டுப் பிறகு ஆழம் சேர்ப்பது வேறு. இரண்டு கண்களுக்குப் பதிலாக இரண்டு கேமராக்களை ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வொரு ஷாட்டிலும் அவற்றின் இடைவெளியை அளந்து எடுப்பது வேறு. இந்த முறைக்குக் கைபேசியைப்போலப் பொருத்தமான நடிகர் இல்லை. அளவு நமக்கு மனப்பாடம். எனவே திரையில் அது எவ்வளவு சின்னதாகத் தெரிகிறதோ அதை வைத்தே தூரத்தைக் கண் கணக்கிட்டுவிடுகிறது. அலகு திறக்கும்போது முன்னால் இருக்கும் கைபேசிக்கும் தொண்டைக்குள் இருக்கும் கைபேசிக்கும் நடுவே உள்ள பள்ளம் உடம்பில் உறைக்கிறது. ரசூல் பூக்குட்டியின் ஒலி வடிவமைப்பும் சேர்ந்து அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது.

ஆனால் ஆரம்பத்தில் வரும் எளிய காட்சியை இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். ஒரு முதியவர் கைபேசிக் கோபுரத்தில் ஏறுகிறார். சுற்றிலும் பறவைகள். மெலிந்த இரும்புச் சட்டங்களின் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே ஒரு மனித உடல். அவர் தூக்கிட்டுக்கொள்கிறார். பெயர் தெரியாது, காரணம் தெரியாது. கோபுரம், கயிறு, பறவை மூன்றையும் வைத்து ஒரு துயரக் கதையைக் கண்ணுக்குச் சொல்லிவிட்டது படம். அதன்பின் வந்த கதை அந்த முதல் சில நிமிடங்களின் உயரத்தை எட்டவே இல்லை.

கதையின்மேல் எனக்குள்ள வருத்தம் பெரியது. முதல் பாகமான ‘எந்திரன்’ 2010இல் வந்தபோது அதன் மையத்தில் உண்மையான ஓர் அறிவியல் கேள்வி இருந்தது: எந்திரத்துக்கு உணர்ச்சி கற்றுக்கொடுத்தால் அது பொறாமையையும் கற்றுக்கொள்ளுமா? எழுத்தாளர் சுஜாதாவின் பங்களிப்பு அந்தப் படத்தில் இருந்தது. படம் வெளிவரும் முன்பே, 2008இல், அவர் மறைந்துவிட்டார். ‘2.0’இல் அந்த இடத்துக்கு உயிரொளி, எதிர்மறை ஆற்றல் என்ற விளக்கம் வருகிறது. இறந்த ஒருவரின் கோபம் ஆற்றலாகத் திரண்டு கைபேசிகளை ஆட்டுகிறதாம். அப்படியானால் இது பேய்க்கதை. பேய்க்கதையாகவே துணிந்து சொல்லியிருந்தால் அதற்கென்று ஓர் அழகு இருந்திருக்கும். ஆய்வுக்கூட வார்த்தைகளை மேலே பூசியதில் பேயும் நிற்கவில்லை, அறிவியலும் நிற்கவில்லை.

பறவையியலர் சாலிம் அலியை நினைவூட்டும் வெண்தாடி முகத்தோடு அக்‌ஷய் குமார் நடித்த பக்‌ஷிராஜன் ஒரு நல்ல பாத்திரம்; கோபுரத்தில் ஏறிய முதியவர் அவர்தான். அவருடைய கடந்த காலம் இடைவேளைக்குப் பிறகு, பெரும்பாலும் வசனமாக, அவசரமாக வந்து போகிறது. கோபுரங்களின் கதிர்வீச்சுதான் பறவைகளைக் கொல்கிறது என்பது அவர் வாதம். இதைக் கவலைப்படத் தகாத விஷயமென்று சொல்ல மாட்டேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010இல் இதை ஆராயக் குழு அமைத்தது. கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பை 2012இல் அரசு பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் குருவிகள் குறைந்ததற்கு ஆய்வாளர்கள் சுட்டும் காரணங்கள் பல: குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியில்லை, கூடு கட்ட ஓட்டு வீட்டின் இடுக்கில்லை, வயலும் நீர்நிலையும் சுருங்கின. ஏரிகள் நிறைந்த இந்த வட்டாரத்தில், ஒரகடத்திலும் வல்லத்திலும் வயல்கள் தொழிற்பேட்டை மனைகளானதைக் கண்ணால் கண்டவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பறவைக்கும் கைபேசிக்கும் நடுவே ஒரு பெரிய கதை இங்கே மண்ணிலேயே கிடக்கிறது. படம் கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

யார் குற்றவாளி என்பதிலும் கதை தடுமாறுகிறது. மொத்த வியாபாரி ஒருவர், தொலைத்தொடர்பு முதலாளி ஒருவர், அமைச்சர் ஒருவர் பலியாகிறார்கள். கடைசியில் மைதானம் நிறைந்த சாதாரண ஜனங்களும் குறியாகிறார்கள். கைபேசியை விற்பவர், வைத்திருப்பவர், அதனால் ஆதாயம் அடைபவர் எல்லாரும் இருக்கிறார்கள்; செய்பவர் மட்டும் இல்லை. இத்தனை லட்சம் கைபேசிகள் திரையை நிறைக்கும் படத்தில் ஒரு தொழிலாளியின் முகம்கூட இல்லாதது எனக்கு உறுத்துகிறது. அவை எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை கேட்டிருந்தால் கேமரா ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலைக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னும் வலிப்பது உச்சக்கட்டம். குட்டி ரோபோக்கள் புறாக்களின்மேல் ஏறி வந்து, அந்தப் புறாக்களையே பணயமாக வைத்துப் பக்‌ஷிராஜனைப் பணியவைக்கின்றன. பறவைகளுக்காக உயிர்விட்டவரைப் பறவைகளைக் காட்டி மிரட்டி ஜெயிக்கிறான் நாயகன். துயரத்தின் உச்சமாகியிருக்க வேண்டிய இடம், விளையாட்டுத்தனமான வெற்றியாகக் கடந்துபோகிறது. பக்‌ஷிராஜன் சொன்னதில் நியாயம் உண்டு என்று முடிவில் விஞ்ஞானி வசீகரன் சொல்வது போதவில்லை. அந்த மிரட்டலின் கனத்தை அவர் ஒரு கணமாவது சுமந்திருக்க வேண்டும்.

ஒரு பாட்டு அந்தக் கனத்தைச் சுமந்தது. ‘புள்ளினங்காள்’ நா. முத்துக்குமார் எழுதியது. 2016 ஆகஸ்டில் அவர் போனபின் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் திரைக்கு வந்தது. இசையமைப்பாளர் ரஹ்மான் அதைப் பம்பா பாக்யாவின் அடிவயிற்றுக் குரலில் தொடங்கவைத்தார். பறவைகளைக் கூப்பிடும் பாட்டுக்கு மெல்லிய, உயர்ந்த குரலைத் தேடுவதுதான் வழக்கம். மரத்தின் அடித்தண்டுபோல் ஒலிக்கும் ஆழ்ந்த குரலைக் கொடுத்ததால், பறவைகள் வந்து உட்கார ஓர் இடம் பாட்டுக்குள்ளேயே உண்டாகிவிட்டது. பாக்யாவும் 2022இல் மறைந்துவிட்டார்.

நோக்கியாவின் பழைய ஆலையைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் வாங்கியது. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைச் செய்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கைபேசியை உள்ளும் புறமும் அறிந்த இத்தனை ஆயிரம் கண்கள் வேறெங்கும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்திருக்குமா, தெரியவில்லை. அவர்கள் ‘2.0’ஐத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பார்கள். தட்டைத் திரையில் அந்தப் பறவையின் பாதி போய்விடுகிறது. பழைய படங்களைப் புதுப்பித்து மறுபடி வெளியிடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. இந்தப் படத்தை முப்பரிமாணத்திலேயே, இந்தச் சாலையோரத் திரையரங்கு ஒன்றில், இரவு ஷிப்டு முடித்து வருபவர்கள் பார்க்கும்படி ஒரு காலைக் காட்சி போட வேண்டும். போகிறவர்கள் நடு வரிசையில், நடு இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். அலகு திறக்கும்போது ஆழம் அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.