செயல்திட்ட நோட்டில் சோழர் காலம்

ஏழாம் வகுப்பு சமூக அறிவியலில், முதல் பருவத்தில் பிற்காலச் சோழர் பாடம் வருகிறது. பாடம் நடக்கும் வாரங்களில் பள்ளியை ஒட்டிய ஸ்டேஷனரி கடைகளில் தெர்மாகோல் அட்டையும் தங்க நிற ஸ்ப்ரேயும் தேடி அம்மாக்கள் நிற்பார்கள். வீட்டுக்கு வீடு தஞ்சைப் பெரிய கோயில் எழும்பும். ராஜராஜன் படம் வேண்டுமென்று இணையத்தில் தேடினால், 2022இல் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ திரைப்பட நடிகர்களின் முகங்கள் வந்து நிற்கும். அதையே கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டி, கீழே ‘முதலாம் இராஜராஜன் (985–1014)’ என்று எழுதிவிடுவார்கள். நோட்டின் ஓரங்களில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வேலை. சோழர் காலம் முடிந்தது.

இந்த வழக்கத்தை முழுதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண், வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்தார்கள். அந்த 40இல் பாதி, பிள்ளைகள் தாங்களே செய்யும் செயல்பாடுகளுக்கு. மனப்பாடம் ஒன்றையே கல்வி என்று நம்பியிருந்த ஊரில் இது சின்ன மாற்றமில்லை. வரலாற்றுப் பாடம் ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்பதோடு நின்றுவிடாமல், ஒரு பிள்ளை சில நாள் ஒரு காலத்தோடு வாழ்ந்து பார்க்க அது வழி திறந்தது. அந்த வழியில் இன்று என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

என் அக்கா மகள் போன பருவத்தில் இந்தச் செயல்திட்டத்தைச் செய்தாள். கோயில் மாதிரிதான் அவளும் எடுத்துக்கொண்டாள். விமானத்தின் பதின்மூன்று நிலைகளையும் அட்டையில் வெட்டி அடுக்கும்போது, ஐந்தாவது நிலையிலேயே அது ஒரு பக்கம் சாய்ந்தது. அடியை அகலப்படுத்தி ஒட்டினாள். திரும்பவும் சாய்ந்தது. “இருநூறு அடிக்கு மேல கல்லை எப்படி சித்தி நிக்க வெச்சாங்க? அவ்வளவு கல்லு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டாள். தஞ்சையைச் சுற்றிலும் வண்டல் மண். கருங்கல் மலை எதுவும் அக்கம்பக்கத்தில் கிடையாது. அத்தனை கல்லும் தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். இழுத்தவர்கள் யார், அவர்களுக்குச் சோறு போட்டது யார் என்று கேள்விகள் நீண்டன. தெர்மாகோல் வேலையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் முழுதும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். கை வேலை செய்யும்போது பிள்ளைக்குத் தோன்றுகிற கேள்வி, பத்தியைப் படித்து ஒப்பிக்கும்போது தோன்றுவதில்லை.

ஆனால் அந்தக் கேள்விகளுக்கு நோட்டில் இடமே இல்லை. முன்னுரை, மன்னர்கள், போர்கள், ஆட்சி முறை, கட்டடக் கலை, முடிவுரை என்று தலைப்புகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. மதிப்பெண் கையெழுத்துக்கும் படங்களுக்கும் மாதிரியின் அழகுக்கும். சாய்ந்த கோயிலைப் பற்றி அவள் எழுதியிருந்தால், அது சேராத இடத்தில் சேர்ந்த பக்கமாகத்தான் நின்றிருக்கும்.

செயல்திட்ட முறை என்ற கருத்தைப் பரப்பிய அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக், 1918இல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார்: செயல் மாணவரின் சொந்த நோக்கத்திலிருந்து பிறக்க வேண்டும். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைச் சிந்தனையின் நுழைவாயிலாகத்தான் பார்த்தது. நம் பள்ளிகள் செயலை எடுத்துக்கொண்டன. நோக்கத்தை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் விட்டுவிட்டன.

விளைவை, ஊர்ச் சபைக்கு ஓலை எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைப் பற்றிய பக்கத்தில் பார்க்கலாம். ஏறக்குறைய எல்லா நோட்டுகளிலும் ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்ற வரி இருக்கும். என் அக்கா மகளும் அதையே எழுதிவைத்திருந்தாள். உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. இரண்டாவது கல்வெட்டின் விதிகளை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பது குடும்புகள், அதாவது ஊரின் வார்டுகள். குடும்புவாரியாகப் பெயர் எழுதிய ஓலைகள், ஒரு குடம், ஓலையை எடுக்க ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். “என் வயசுப் பையனா?” என்று அவள் கண்கள் விரிந்தன. முன்பு வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் நிற்கக் கூடாது என்ற விதி அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அந்த விதியின் மேல் மரியாதை உண்டு.

பிறகு தகுதிகளுக்கு வந்தோம். வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். இன்றைய டெல்டா கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று கூடுதல். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அரைக்கால் வேலி நிலமே இருந்தாலும் ஒரு வேதத்திலும் ஒரு பாஷ்யத்திலும் வல்லவராக இருந்தால் போதும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நம்ம தாத்தா பேரைக் குடத்துல போட்டிருப்பாங்களா?” என்று கேட்டாள். என் அப்பா கடைசிவரை குத்தகை நிலத்தில் உழுதவர். போட்டிருக்க மாட்டார்கள் என்றேன். “ஆத்தா பேரை?” அதுவும் இல்லை. அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபைக்கான விதி. அங்கே நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் இடமில்லை.

வரலாறு கற்பது என்றால் என் மட்டில் இதுதான். கணக்குக் காட்டாதவனை விலக்கிய நேர்மையும், உழுதவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய ஏற்பாடும் ஒரே கல்லில் இருக்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ள முடியும். பெருமை குலைந்துவிடும் என்று நாம்தான் அஞ்சுகிறோம். பெரிய கோயில் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களைச் சொல்லும்போது, வரியில்லா நிலங்களின் பட்டியலில் குளமும் வாய்க்காலும் சுடுகாடும் வருகின்றன. பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் கூடவே வருகின்றன. ஒரு விளக்கு நாள்தோறும் எரிய ஓர் உழக்கு நெய், அதற்கு 96 ஆடுகள் என்ற கணக்கும், அந்த ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்களும் அங்கேயே உண்டு. மன்னர் பெயரும் போர் ஆண்டும் மட்டும் நிரம்பிய நோட்டில் இந்த இடையர்கள் எங்கே?

இன்னொரு குறை, சரிபார்க்கும் பழக்கமே இல்லாமல் போவது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எத்தனை நோட்டுகளில் படித்துவிட்டேன்! காலை எட்டு மணிக்குப் பிராகாரத்தில் நின்றால் நீளமாகக் கிடக்கும் நிழலைக் கண்ணாலேயே பார்க்கலாம். தஞ்சையிலேயே படிக்கும் பிள்ளைகளும் இதை எழுதுகிறார்கள். முன்னால் இருக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. அதையும் ராஜராஜன் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலிலிருந்து எழுதுகிறவர்களுக்கு, காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு அந்தக் கொலையில் தொடர்புடையவர்களின் பெயர்களைச் சொல்கிறது என்பது தெரிவதில்லை. நாவல் என்ன சொல்கிறது, கல் என்ன சொல்கிறது என்று இரண்டு பத்தி எழுதச் சொன்னால், அதுவே நல்ல செயல்திட்டம். காசும் அதிகம் ஆகாது.

காசைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அட்டை, பெயிண்ட், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் சேர்த்தால் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது ஒரு சுமை. நகரங்களில் செய்து கொடுக்கவே கடைகள் இருக்கின்றன. வாங்கிவந்த கோயிலுக்கு முழு மதிப்பெண்ணும், சொந்தமாகச் செய்து கோணிப்போன கோயிலுக்குக் குறைவும் விழும்போது, அந்த வகுப்பு கற்றுக்கொள்வது சோழர் வரலாற்றை அல்ல.

ஆசிரியர்கள் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. நாற்பது பிள்ளைகள், பாடப்பகுதியை முடிக்கும் நெருக்கடி, எமிஸ் இணையதளப் பதிவேற்றங்கள் இவற்றுக்கு நடுவில் நாற்பது நோட்டையும் வரிவரியாகப் படிக்க எவருக்கு நேரம்? கண்ணுக்குப் பட்டென்று தெரிவது அழகு. அதற்கு மதிப்பெண் போகிறது. ஆனாலும் இதே நெருக்கடிக்குள் சில அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் நடக்கின்றன. அங்கே பிள்ளைகள் தங்கள் ஊர்க் கோயில் சுவரில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். சோழர் காலத் தமிழ் எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார வேறுபாடும் தெரியாது. அந்தத் தடுமாற்றத்தோடு ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தாண்டி ஓர் ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்த பிள்ளைக்குச் சோழர் காலம் பாடமாக மட்டும் இராது.

என் அக்கா மகள் கடைசியில், வகுத்த தலைப்புகளுக்குள்ளேயே நோட்டை முடித்துக் கொடுத்தாள். ‘முதல் ஜனநாயகம்’ என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று இரண்டு பட்டியல் போட்டாள். அடித்தல் திருத்தல் இருந்ததால் அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் குறைந்தது.

அடுத்த முறை ‘சோழர் காலம்’ என்று கரும்பலகையில் எழுதப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பாகக் கொடுக்காமல் ஒரு கேள்வியாகக் கொடுங்கள். அச்சில் வந்த ஒரு கல்வெட்டின் பாடத்தை எளிய உரையோடு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். வீட்டில் செய்துவரும் மாதிரிக்கு மதிப்பெண் வேண்டாம், வகுப்பில் பிள்ளையை எழுப்பி, “எதை வைத்து இதைச் சொல்கிறாய்?” என்று கேட்டு, வரும் பதிலுக்குப் போடுங்கள். பெற்றோரே, ஸ்ப்ரே டப்பாவைப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள். கோயில் சாய்ந்தாலும் பரவாயில்லை.