ஒல்லியான மடிக்கணினியும் பனமலைச் சித்திரமும்

வர்ணங்களை மிக நேர்த்தியாகக் காட்டும் திரைக்காக இலட்ச ரூபாயை ஒட்டிய தொகையைச் செலவிடுவது தகுமா என்னும் கேள்விக்கு, விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்களைக் கொண்டு விடை கூறிவிட முடியாது; அத்திரையில் எதை, எவ்வளவு நேரம், எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறோம் என்பதைக் கொண்டே கூற வேண்டும். அஸுஸ் நிறுவனத்தின் ஜென்புக் 14 ஓலெட் என்னும் மடிக்கணினி, யு.எக்ஸ். 3405 என்ற மாதிரி, விழுப்புரத்தில் என் மேசைமீதும், திண்டிவனம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் என் மடிமீதும் சில காலமாக இருந்து வருகிறது. எங்கள் மாவட்டத்துப் பல்லவர் காலக் கோயில்களின் புகைப்படங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வரும் எனக்கு எழுத்தும் சித்திரமும் ஒரே திரையில் வேண்டியிருக்கின்றன. ஆகையால் என் அபிப்பிராயத்தை அவ்விரண்டையும் முன்னிட்டே சொல்கிறேன்.

சாதனத்தின் ஸ்தூல வடிவத்தைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. கனம் 15 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை ஏறக்குறைய 1.2 கிலோ, தோளில் மாட்டிய பையில் இருப்பதே தெரியாது. 14 அங்குலத் திரையில் 2880-க்கு 1800 என்ற கணக்கில் புள்ளிகள் செறிந்திருப்பதால், அங்குலத்துக்குச் சுமார் 243 புள்ளிகள் அமைகின்றன. பழைய மலிவு மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்த 1366-க்கு 768 என்ற திரையோடு ஒப்பிட்டால் இது இரு மடங்குக்கும் மேலான நெருக்கம். இந்த நெருக்கத்தின் பயனைப் படங்களைவிடத் தமிழ் எழுத்தில்தான் நான் முதலில் உணர்ந்தேன். மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளி, ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழி வேற்றுமை, கிரந்த எழுத்தின் வளைவு ஆகியவையெல்லாம் சிறிய அளவிலும் பிசிறின்றித் துலங்குவதனால், இரவில் நெடுநேரம் மெய்ப்புத் திருத்தும்போது கண்ணைச் சுருக்கி உற்றுநோக்கும் சிரமம் பெரிதும் நீங்கிவிடுகிறது.

ஆயினும் இந்தத் திரையின் உண்மையான பெருமை வேறொன்றில் இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலின் துணைச் சந்நிதி ஒன்றில், குடையின் கீழ், மணிமுடி தரித்து, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் தேவியின் சுவரோவியம் எஞ்சியிருப்பதை இப்பக்கத்தார் அறிவார்கள். ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காற்றும் ஈரமும் அரித்ததில் பெரும்பகுதி உதிர்ந்து, கோடு எது, கறை எது என்று பிரித்தறிவதே அரிதாகிவிட்ட அந்த ஓவியத்தின் புகைப்படத்தை, சாதாரண அலுவலகக் கணினியில் பார்த்தால் ஒரே மண்ணிறப் பரப்பாகத்தான் தோன்றும். ஓலெட் திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதாலும், கறுப்பு வேண்டிய இடத்தில் அப்புள்ளி முற்றிலும் அணைந்து விடுவதாலும், நிழலுக்கும் கோட்டுக்கும் உள்ள சூட்சுமமான பேதம் புலப்படுகிறது; முடியின் விளிம்பைச் சுற்றி ஓடும் செங்காவிக் கோடு தனித்து எழுகிறது. மகேந்திரவர்மன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் குடைவித்த மண்டகப்பட்டுக் குடைவரையின் இருண்ட உட்புறப் படங்களிலும் இதே அனுபவம்தான். பின்னொளியை நம்பியிருக்கும் திரைகளில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும் இருள், இதில் இருளாகவே நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லியாக வேண்டும். டி.சி.ஐ.-பி3 என்னும் விரிந்த வர்ண எல்லை முழுவதையும் காட்ட வல்லது இத்திரை. நம் கேமராக்களும் கைப்பேசிகளும் எடுக்கும் படங்களில் பலவோ எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் குறுகிய எல்லைக்குள் அடங்குபவை. எல்லையை அனுசரித்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் அத்தகைய படத்தைத் திறந்தால், திரை தன் முழு வன்மையையும் காட்டிச் சிவப்பை மேலும் சிவப்பாக்கி, மங்கிய காவியைக் குங்குமமாக்கி விடுகிறது. பார்ப்பதற்கு மனோகரமாக இருக்கும். ஆனால் அது பொய். சுவரில் இல்லாத நிறத்தைக் கண்டு, அதைக் குறிப்பில் எழுதி, அக்குறிப்பை நம்பி இன்னொருவர் கட்டுரை எழுதுவாரானால், நேரும் தீங்கு சிறிதன்று. மைஅஸுஸ் என்னும் செயலியில் வர்ண எல்லையை எஸ்.ஆர்.ஜி.பி. என்று மாற்றி வைக்கும் வசதி இருக்கிறது. ஆவணப் பணிக்கு வாங்குவோர் பெட்டியைப் பிரித்தவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம் அதுவே. உயர்ந்த திரை என்று கொண்டாடுவோரில் பலர் அந்த மிகை நிறத்தைத்தான் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

எழுத்துப் பணியில் இத்திரையின் குணம் தலைகீழாகிறது. வெண்பக்கத்தில் கருநிற எழுத்து என்பது ஓலெட்டுக்கு மிகச் செலவான காட்சி. ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளும் எரிந்தாக வேண்டும். 75 வாட்-மணி கொள்ளும் பேட்டரி சிறியதன்றெனினும், இருண்ட படங்களைப் பார்க்கும் மாலையில் நிதானமாகக் குறைவது, வெண்தாளில் எழுதும் காலையில் விரைந்து குறைகிறது. மேலும், நகராத உருவங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும் என்பது இவ்வகைத் திரைகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு. கீழ்ப்பட்டையைத் தானே மறையச் செய்வதும், கருநிறப் பின்னணியைத் தேர்வதும், எழுந்து செல்லும்போது திரை அணையும்படி அமைப்பதும் அதற்குத் தக்க காப்புகள். வெளிச்சத்தைத் தாழ்த்தும்போது இத்தகைய திரைகள் வேகமாக மினுக்கி அணைவதால் சிலருக்குத் தலைவலி உண்டாகிறது. அதைத் தவிர்க்கும் அமைப்பும் அதே செயலியில் உள்ளது.

விழுப்புரம் சந்திப்பில் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று செல்லும் பாசஞ்சரில் ஜன்னலோரம் அமர்ந்து வேலை செய்வது எனக்குப் பிரியமான பழக்கம். அங்கே இந்தப் பளபளப்பான கண்ணாடித் திரை சோதனைக்குள்ளாகிறது. ஏறக்குறைய 400 நிட் என்பது வீட்டுக்குள் தாராளமான பிரகாசம்; விக்கிரவாண்டிக்கு அப்பால் வயல்வெளி திறந்துகொள்ளும் இடத்தில், எழுத்தைக் காட்டிலும் வானமும் என் முகமுமே தெளிவாகத் தெரிகின்றன. இருண்ட படமானால் நிலைமை இன்னும் மோசம். மங்கல் பூச்சுள்ள சாதாரண ஐ.பி.எஸ். திரைக்கு இந்தத் தொல்லை வெகு குறைவு. தினந்தோறும் வண்டியில் போய்வரும் ஆசிரியர்களும் அலுவலர்களும் இதை விலையைக் காட்டிலும் முக்கியமாகக் கருத வேண்டும் என்பது என் துணிபு.

இனி ஒல்லியின் விலை. ராம் நினைவகம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கும் நாளில் தேர்ந்ததே என்றென்றைக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின் எத்தனையோ வீடுகளுக்கு முதற்கணினியாக வந்தவை கனத்தவை, அழகற்றவை. ஆயினும் அடிமூடியைக் கழற்றி ராம் சேர்க்கவும், பேட்டரியை மாற்றவும் எங்கள் ஊர்ப் பழுதுபார்க்கும் கடைக்காரர்களால் இயன்றது. இந்தத் தலைமுறைச் சாதனத்தில் போர்டு பழுதானால் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ தூக்கிச் செல்ல நேரிடலாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் மயிலத்தில் அரை மீட்டருக்கு மழை கொட்டி, இம்மாவட்டத்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறவாதவர்களுக்கு, போர்டு போனால் படங்கள் என்னவாகும் என்பது வீண்கவலையன்று. நல்லவேளையாக, எஸ்.எஸ்.டி. மட்டும் எம்.2 வகையில் கழற்றக்கூடியதாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 11 கணினிகளில் சேமிப்பகம் பெரும்பாலும் தானே குறியாக்கம் செய்யப்பட்டுவிடுவதால், 48 இலக்க மீட்புச் சாவி கைவசம் இல்லையேல், கழற்றிய எஸ்.எஸ்.டி.யால் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அச்சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது நலம்.

துளைகளின் விஷயத்திலும் குறையுண்டு. எச்.டி.எம்.ஐ.யும், சார்ஜர் செருகும் இரு தண்டர்போல்ட் துளைகளும் வலப்பக்கமே அமைந்துள்ளன. இடப்பக்கம் பழைய யு.எஸ்.பி. ஒன்றே. கேமராவின் எஸ்.டி. அட்டைக்குத் துளையே இல்லாதது, படமெடுப்போரை உத்தேசித்த திரையோடு சற்றும் பொருந்தவில்லை. தனி ரீடர் ஒன்றைப் பையில் சுமக்க வேண்டியிருக்கிறது.

சித்திரம், புகைப்படம், அச்சு வடிவமைப்பு என்று நிறத்தால் பிழைப்போரும், என்னைப் போல் மங்கிய சுவர்களைப் படிப்போரும் இதைத் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் தீர்ப்பு. திண்டிவனத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கோ, கணக்கெழுதும் கடைக்கோ இது வேண்டாம்; மங்கல் திரையும், ராம் சேர்க்க இடமும் உள்ள, சற்றுக் கனத்த கணினி ஒன்றை ஏறக்குறைய பாதி விலைக்கு வாங்கி, மிச்சத்தில் ஒரு நல்ல யு.பி.எஸ்.ஸும் வெளி ஹார்டு டிஸ்க்கும் வைத்துக்கொள்ளலாம். இதையே வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் 16 ஜி.பி.யோடு நில்லாமல், கடையில் கிடைக்குமாயின் 32 ஜி.பி. ராம் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். பெரிய படங்கள் பத்தைத் திறந்து ஒப்புநோக்கும் வேலைக்கு அது தேவைப்படும்.