அவசரம் என்னும் சொல்

2020 ஊரடங்கு நாட்களில் தமிழில் எழுதப்பட்ட கவிதைகளில் கைக்குக் கிடைத்தவற்றை வகுப்புக்காகத் தொகுத்தேன். ஜன்னல், வெறிச்சோடிய தெரு, திரும்பி வந்த குருவி, நடந்தே ஊர் போன தொழிலாளர்கள். நோய் என்றால் அவற்றில் ஒரே நோய்தான். சர்க்கரை, காசம், சிறுநீரகம், புற்று எதற்கும் ஒரு வரி இல்லை. என் கவிதையிலும் இல்லை. நானும் குருவியைத்தான் எழுதியிருந்தேன்.

அதே காலத்தின் இன்னொரு பிரதியையும் மாணவிகளோடு வாசித்தேன்: இ-பாஸ் விண்ணப்பம். பயணத்துக்கு அது ஏற்ற காரணங்கள் திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் போன்றவை. மாதாமாதம் வாங்கும் மாத்திரை இவற்றில் எதில் சேரும்? நோய் அவசரமாகிவிடாமல் காப்பதுதான் தொடர்சிகிச்சையின் வேலை. அது அறுந்தால் மூன்றாம் காரணம் ஆகும். சிலருக்கு இரண்டாம் காரணமே ஆகிவிடும்.

இந்தியாவில் 2019இல் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் 18 லட்சம். நோய் குறையவில்லை, கண்டறிவது குறைந்தது. உலக அளவில் காசநோய் மரணங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்து, அந்த ஆண்டில் மீண்டும் ஏறின.

அரசின் விண்ணப்பம் செய்த வகைபிரிப்பை வீட்டுக்குள் பெண் தன் உடலின்மேல் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறாள். "எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அதன் சுருக்கம். என் அம்மா பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஒரு மாதத்துக்கு உள்ளதை இரண்டு மாதம் ஓட்டினார். அப்பாவின் மாத்திரை மட்டும் தவறாமல் வந்தது; நினைவூட்டி வாங்கச் சொன்னவரும் அம்மாதான். அவர் தலைசுற்றி விழுந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குருவியைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் அவருடைய மாத்திரை டப்பா இருந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை வீடு தேடி வந்தது. நல்ல திட்டம். ஆனால் அதைச் சுமந்து வீடுவீடாக நடக்கும் பெண்ணின் பெயர் 'தன்னார்வலர்'. அவளுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல. பெண்ணின் நோய் அவசரம் இல்லை என்ற அதே மொழி, அவள் உழைப்பை வேலை இல்லை என்கிறது.

அடுத்த தொற்றுக்காலத்தின் படிவத்தில் 'தொடர்சிகிச்சை' என்று ஒரு கட்டம் வேண்டும். நம் கவிதைகளிலும் வேண்டும்.