இடது காலுக்கு வந்த வேலை: நாரந்தனையில் ஒரு மாருதி 800

அம்மாவுக்கு மூச்சு முட்டிய இரவு, முற்றத்தில் கார் நின்றது. ஓட்டத்தான் ஆள் இல்லை. 1990 அம்புலன்ஸுக்கு அழைத்தேன். வண்டி வந்தது, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் ஒட்சிசன் வைத்தார்கள், விடியமுன் அம்மா கதைக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் வண்டி வரும்வரை வாசலில் நின்ற நேரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டு நின்றது, கிடுகுக் கொட்டிலுக்குள் துணி போர்த்தி நின்ற அந்த வெள்ளைக் காரைத்தான்.

கார் அண்ணாவினுடையது. அவர் பிரான்ஸில் இருக்கிறார். வருடத்தில் ஒரு தடவை, நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவை ஒட்டி வருவார். மூன்று கிழமை ஓடுவார். போகும்போது பற்றறி வயரைக் கழற்றிவிட்டுச் சாவியை என்னிடம் தருவார். நான் அதைச் சாமியறை மாடத்தில் வைப்பேன். பதினொரு மாதம் அது அங்கேயே கிடக்கும். பத்து வருடமாக ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வருகிற நான், அந்தச் சாவியை எனக்கும் உரியதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த இரவுக்குப் பிறகு எட்டு மாதம் அந்தக் காரில் பழகி, ட்ரயலும் பாஸ் பண்ணி, இப்போது அம்மாவை நானே கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். கியர் வைத்த காரை முதன்முதலாகப் பழகுகிற ஒருவருக்கு இந்தக் கார் எப்படி என்பதை, பழகியவளாகவே எழுதுகிறேன்.

மாருதி 800. ஜப்பானின் சுசுக்கியோடு சேர்ந்து இந்தியா செய்த சின்னக் கார். 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சீசீ, மூன்று சிலிண்டர், நாலு கியர், முன் சக்கர இழுவை, ஏறத்தாழ 650 கிலோ எடை, 3.3 மீற்றர் நீளம். எங்களுடையது காபரேற்றர் மொடல். காலையில் சோக்கை இழுத்தால்தான் ஸ்ராட் வரும். பவர் ஸ்ரியறிங் கிடையாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழிவிட்டார்கள். அந்த ஐந்து வருடமும் எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் ஓடியது இப்படியான பழைய கார்கள்தான். இன்றும் கார் பழக்கும் லேணர்ஸ்காரர்கள் பலரின் கையில் இருப்பது இதுவோ இதன் தம்பியான அல்ரோவோதான்.

நானும் முதலில் லேணர்ஸுக்குத்தான் போனேன். எது என்று சொல்லவில்லை. அங்கே பழக்குபவரின் பக்கத்திலும் கிளச்சும் பிறேக்கும் இருக்கும். கார் கொஞ்சம் உதறினால் போதும், தன் பக்கக் கிளச்சை அவரே மிதித்துவிடுவார். கார் சீராகப் போகும், நானே ஓட்டியது போலவும் இருக்கும். பத்து வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அண்ணாவின் காரில் தனியாக இருந்தபோது, முற்றத்தை விட்டு வெளியே எடுக்க முடியவில்லை. என் இடது கால் அதுவரை ஒன்றுமே பழகியிருக்கவில்லை. காசு கட்டிப் பழகுகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: "என்ர கிளச்சை நீங்கள் மிதிக்காதேங்கோ" என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காரையும் என்னையும் காப்பாற்றியது முன்வீட்டு மாமா. எழுபத்தைந்து தாண்டியவர். எழுபதுகளில் ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மொறிஸ் மைனரில் ஹயர் ஓடியவர். அனுமதிப்பத்திரத்தை இன்றும் புதுப்பித்து வைத்திருக்கிறார். எல் பலகையை முன்னும் பின்னும் கட்டி, காரைத் தரவை வெளிக்குக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார். கோடைகாலம். மாடுகளையும் நாலு பனையையும் தவிர ஒன்றுமில்லை.

"பிள்ளை, அக்சிலேற்றர் எண்டு ஒண்டு இந்தக் காரில இல்லை எண்டு நினை. வலக்காலை எடுத்து மடக்கி வை."

"அப்ப எப்பிடி மாமா கார் போகும்?"

"போகும். நீ கிளச்சை விடுற விதத்தில விட்டால் போகும். குறிகட்டுவானில வள்ளம் ஏறுறனிதானே? ஆடுற வள்ளத்துக்குப் பாய்ஞ்சால் விழுவாய். ஒரு காலை வைச்சு, அது உன்னை எடுக்கட்டும் எண்டு ஒரு கணம் நிப்பாய். அதுதான் கிளச்."

ஆறு மாதம் வாசித்திருந்தாலும் எனக்கு இவ்வளவு விளங்கியிராது. எஞ்சினோடு சுழல்கிற வட்டு ஒன்று. சக்கரங்களுக்குப் போகும் கியர்ப்பெட்டியோடு சேர்ந்த தட்டு ஒன்று. கிளச்சை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் ஒட்டும். ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது, மற்றது சும்மா நிற்கிறது. சட்டென்று ஒட்டவிட்டால் நிற்பது ஓடுவதைப் பிடித்து நிறுத்திவிடும், எஞ்சின் செத்துவிடும். உரசி உரசி ஒட்டவிட்டால் ஓடுவது நிற்பதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும்.

இந்த இடத்தில்தான் மாருதி 800 எனக்கு நல்ல வாத்தியாராக இருந்தது. கிளச் மிதிக்கும் கிளச் தட்டுக்கும் நடுவே ஒரு இரும்புக் கேபிள்தான். அங்கே நடப்பது காலுக்கு நேரே வந்து சேரும். மூன்று சிலிண்டர் எஞ்சின் சும்மா நிற்கும்போதே மெல்ல உதறும். கிளச் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் அந்த உதறல் மாறும். சத்தம் ஒரு படி தாழும், கியர்க் கம்பின் குமிழ் உள்ளங்கைக்குள் பிடிபட்ட தும்பி மாதிரித் துடிக்கும். மாமா என் காலை அங்கே நிறுத்தச் சொல்வார். பத்து எண்ணவேண்டும். அக்சிலேற்றரைத் தொடாமலே கார் புல்லுக்கு மேலால் நகரத் தொடங்கும். பிறகுதான் கிளச்சை முழுவதும் விடவேண்டும். அன்றைக்கு நாற்பது தடவைக்குக் குறையாமல் செய்தேன். இடையில் கருகின மணம் ஒன்று வந்தது. கிளச் தட்டு சூடேறிவிட்டது என்று எஞ்சினை நிறுத்தி, அரை மணித்தியாலம் பனைக்குக் கீழே இருத்திவிட்டார். பழகுகிறவர்கள் அந்த மணத்தை அறிந்து வைத்திருக்கவேண்டும். வந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் முள் எங்கள் காரில் இல்லை. அதைக் குறையாகத்தான் முதலில் நினைத்தேன். இரண்டு கிழமையில் காது அந்த வேலையை எடுத்துக்கொண்டது. முதல் கியரில் எஞ்சின் முறையிடத் தொடங்கும்போது வேகம் பதினைந்து, இருபது இருக்கும். அதுதான் இரண்டாவதுக்குப் போகும் நேரம். முப்பதைத் தாண்டி மூன்று, ஐம்பதுக்குக் கிட்ட நாலு. இப்போது வேகமானியைப் பார்க்காமலே கை போகிறது.

ஸ்கூட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு தொல்லை இருக்கிறது. பயந்தால் கைவிரல்கள் ஸ்ரியறிங்கை நெரிக்கும், பிறேக் அங்கே இல்லை. மற்றது, பிறேக் பிடிக்க நினைத்த உடனேயே கிளச்சையும் மிதித்துவிடுவோம். மிதித்தால் எஞ்சின் பிரிந்து கார் தன்பாட்டில் உருளும். வேகத்தை எஞ்சினும் சேர்ந்து குறைத்துத் தருவதை நாமே இழந்துவிடுகிறோம். "முதல் பிறேக், கடைசியில கிளச்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். புளியங்கூடல் பக்கம் கட்டாக்காலி மாடு ஒன்று வேலிக்குள்ளிருந்து இறங்கிய அன்றைக்கு அது எனக்குப் பிடிபட்டது.

எஞ்சின் செத்தால் என்ன செய்வது என்பதையும் பழகவேண்டும். வேலணை வங்களாவடிச் சந்தியில் எனக்குப் பின்னால் குறிகட்டுவான் பஸ் நின்று ஹோண் அடிக்க, மூன்று தடவை அடுத்தடுத்து நிறுத்திவிட்டேன். மாமா கையை என் கைக்கு மேலே வைக்கவில்லை. "பிறேக். கிளச். நியூற்றல். திறப்பு. அவன் நிக்கட்டும்" என்றார். நாலாவது தடவை எடுத்தேன். அந்த வரிசையை வீட்டு முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை செய்துபாருங்கள். சந்தியில் யோசிக்க நேரம் இராது.

மாமாவின் மொறிஸ் மைனரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1948இல் வந்த கார் அது. அதன் முதல் கியரில் பற்களைச் சமப்படுத்தும் ஏற்பாடு இல்லை. கார் முழுதாக நின்றபிறகுதான் முதல் கியருக்கு மாற்றலாம், அல்லது கிளச்சை இரண்டு தரம் மிதித்து வேகத்தைச் சரிக்கட்டவேண்டும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் பொன்னாக இருந்தபோது அதே மொறிஸும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது தாங்கியது. புகையும் மணமும் கண்ணை எரிக்கும். அந்தப் புகைக்குள் நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் கொண்டுபோன கைதான் என் பக்கத்தில் இருந்து என்னைப் பழக்கியது. முன் கியர்கள் நாலும் சத்தமில்லாமல் விழுகிற மாருதியைப் பார்த்து, "இது குழந்தைப்பிள்ளையும் ஓட்டும்" என்பார்.

தீவில் பழகுவதில் பெரிய குறை ஒன்று இருக்கிறது: இங்கே ஏற்றம் இல்லை. மண்டைதீவு தொடங்கி ஊர்காவற்றுறை வரை தட்டையான நிலம். ஏற்றத்தில் நிறுத்திய காரைப் பின்னால் உருளவிடாமல் எடுக்க இந்த ஊரில் எங்கே பழகுவது? எங்கள் கேற்று வாசலில் றோட்டிலிருந்து உள்ளே ஏறும் சீமெந்துச் சரிவு இருக்கிறது, ஒரு கார் நீளம். அதில் ஹாண்ட் பிறேக்கை இழுத்து நிறுத்தி, கிளச்சை அந்தத் தும்பி துடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அக்சிலேற்றரைக் கொஞ்சம் கொடுத்து, முன்பக்கம் மெல்ல எழும்பும்போது ஹாண்ட் பிறேக்கை விடவேண்டும். பின்னால் ஒரு செங்கல் வைத்தோம். செங்கலைத் தொடாமல் எடுக்க எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. பேராதனைக்கோ நுவரெலியாவுக்கோ போக நினைக்கிற தீவார் யாரும் இந்தப் பாடத்தை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

அடுத்தது காற்று. நாரந்தனையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 20 கிலோமீற்றர், முடிவில் பண்ணைத் தாம்போதி. இரு பக்கமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் காற்று காரின் விலாவில் அடிக்கும். 650 கிலோ கார், பன்னிரண்டு அங்குலச் சில்லு. ஸ்ரியறிங் கையில் இழுபடும். பெரிய பஸ் ஒன்று கடந்துபோகும் கணத்தில் காற்று மறைந்து திரும்ப அடிக்கும்போது கார் ஒரு முழம் நகரும். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், இரண்டு கையையும் எடுக்காதீர்கள். மற்ற இடத்தில் நல்ல குணமாக இருக்கும் இந்த எடைக்குறைவு, பண்ணையில் குறைதான்.

அதைவிடப் பெரிய குறைகளும் உண்டு. எங்கள் காரில் காற்றுப் பை இல்லை, ஏபிஎஸ் இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிறேக் பிடிக்க உங்கள் வலது கால்தான் பழகவேண்டும். கதவுத் தகடு மெல்லியது. ஏ9இல் கொழும்பு பஸ்களுக்கு நடுவே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற கார் இது இல்லை, நான் ஓட்டமாட்டேன். உப்புக்காற்று அடித்தளத்தைத் தின்றுவிடும். வாங்கப் போகிறவர்கள் கால்மெத்தையைத் தூக்கி, தளத்தையும் சில்லுக்கு மேலுள்ள வளைவையும் ஸ்குறூ டிறைவரால் தட்டிப்பாருங்கள். உள்ளே இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். இருக்கைப் பட்டியை இழுத்துப்பாருங்கள், பிடிக்காவிட்டால் எஞ்சினுக்கு முன் அதை மாற்றுங்கள்.

இந்தக் காலத்தில் கியர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. மின்சாரக் காரில் கிளச்சே கிடையாது. சுவிட்ஸர்லாந்தில் ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணினாலும் எல்லாக் காரையும் ஓட்டலாம் என்று 2019இல் விதியை மாற்றிவிட்டார்கள். ஜேர்மனியில் 2021இலிருந்து, கியர் காரில் பத்து வகுப்பும் ஒரு சிறு பரீட்சையும் முடித்தால் போதும். பிரித்தானியாவிலோ இன்றும் ஓட்டோமற்றிக்கில் பாஸ் பண்ணியவர் கியர் காரைத் தொட முடியாது. அக்காவின் மகன் லண்டனிலிருந்து வந்து நின்றபோது அவன் கையில் இருந்தது அந்த அனுமதிப்பத்திரம். அம்மாவின் கிளினிக் நாள் அன்று கார் இருந்தும் அவனால் எடுக்க முடியவில்லை. எங்கள் முற்றங்களில் நிற்பது கியர் கார்கள். இன்னும் பல வருடம் அவைதான் நிற்கும். நோய் வரும் இரவில் எந்தக் கார் நிற்கிறதோ அதைத்தான் ஓட்டவேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். கியர் பழக மாருதி 800ஐ விட நல்ல காரை நான் காணவில்லை. சின்னது, எங்கும் திருப்பலாம், செய்கிற பிழையை உடனே சொல்லும், உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் கிடைக்கும், எனக்கு ஒரு லீற்றருக்குப் பதினைந்து கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறது. தீவுக்குள்ளும் பட்டினத்துக்கும் ஓடுங்கள். தூரப் பயணத்துக்கு வேறு கார் பிடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்துபோகிற அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா முடிந்து போகும்போது பற்றறி வயரைக் கழற்றாதீர்கள். வீட்டில் அம்மாவோடு இருக்கிற தங்கச்சியின் பெயரை லேணர்ஸில் பதிந்து, சாவியை அவளின் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.